மருத்துவச் சாதன நிறுவனத்தில் ஆராய்ச்சி, மேம்பாட்டுத் துறையை வழிநடத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியாளராகவோ விஞ்ஞானியாகவோ சில ஆண்டுகள் பணியாற்றிய பின் ஒரு மருத்துவச் சாதன நிறுவனத்தின் ஆராய்ச்சி, மேம்பாட்டுப் பொறுப்பை ஏற்பவர்களும் அதற்குத் தயாராகி வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. சட்டத்தின் வாசகங்கள் நாட்டுக்கு நாடு மாறினாலும் வேலையின் அடிப்படை மாறுவதில்லை என்பதால், அந்த அடிப்படைக்கே இங்கு முதலிடம்.

ஆராய்ச்சி, மேம்பாட்டுத் தலைவரின் வேலை உண்மையில் என்ன?

வெளியிலிருந்து பார்ப்பவர்கள், புதுமையான கருவிகளைக் கண்டுபிடிக்கும் குழுவுக்குத் தலைமை தாங்குபவர் என்று அவரை நினைப்பது இயல்பு. ஆனால் நாள்தோறும் அவர் மேசைக்கு வந்து சேர்பவை முடிவெடுக்க வேண்டிய விஷயங்களே: நோயாளியின் எந்தச் சிரமத்தைத் தீர்க்க முற்படுவது, எந்தத் தொழில்நுட்பம் தயாரிப்பாக மாறும் அளவுக்கு முதிர்ந்திருக்கிறது, கையில் உள்ள சான்று போதுமா, எஞ்சியுள்ள இடரை ஏற்கலாமா, எந்தத் திட்டத்தைக் கைவிடுவது. இந்த முடிவுகளின் விளைவு அவர் ஒருபோதும் சந்திக்கப்போகாத ஒரு நோயாளியின் உடலில் போய் முடிகிறது. எனவே, முடிவு எந்தச் சான்றின் மேல் எடுக்கப்பட்டது என்பதைப் பல ஆண்டுகள் கழித்து யார் கேட்டாலும் காட்டக்கூடிய நிலையில் துறையை வைத்திருப்பதே இந்தப் பதவியின் மையம் என்று நான் கருதுகிறேன். கண்டுபிடிப்பாற்றல் குழுவில் வேறு பலரிடம் இருக்கலாம். இந்தப் பொறுப்பை மட்டும் தலைவர் வேறொருவருக்குக் கைமாற்ற முடியாது.

நுகர்பொருள் மின்னணுத் துறையிலோ வாகனத் துறையிலோ தயாரிப்பு மேம்பாட்டை நடத்தியவருக்கு இங்கே என்ன மாறும்?

பொறியியல் பெரிதாக மாறாது. மாறுவது வரிசை. வேறு பல துறைகளில் முதலில் செய்து பார்த்து, சந்தையில் விட்டு, வந்த குறைகளைக் கொண்டு அடுத்த பதிப்பைத் திருத்தலாம். இங்கே என்ன செய்யப்போகிறோம் என்பதை அளக்கத்தக்க வகையில் முன்கூட்டியே எழுதி, அதைச் செய்துவிட்டோம் என்பதை அனுமதிக்கு முன்பே நிறுவ வேண்டும். பெரும்பாலான சந்தைகள் ஏற்கும் தர மேலாண்மைத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 13485 இந்த வரிசையைத்தான் கேட்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வும் தன் பழைய தர ஒழுங்குமுறையைத் திருத்தி, அந்தத் தரநிலையின் 2016 பதிப்பையே அடிப்படையாக ஏற்கும் விதியை 2026 பிப்ரவரி 2 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது.

வேறு துறையிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் மாற்றங்களைக் கையாள்வதில்தான். ஒரு பசையின் சப்ளையரை மாற்றுவது மற்ற இடங்களில் கொள்முதல் துறையின் முடிவாக இருக்கலாம். உடலைத் தொடும் சாதனத்தில் அதே மாற்றம், உயிரியல் பொருத்தப்பாடு, கிருமிநீக்கம், அடுக்கு ஆயுள் (பயன்படுத்தும் வரை கெடாமல் இருப்பில் வைக்கக்கூடிய காலம்) ஆகிய மூன்றையும் மீண்டும் கேள்விக்கு உள்ளாக்கக்கூடும்.

எந்தத் தேவையைத் தீர்ப்பது என்பதை எப்படி முடிவு செய்வது?

கருத்துக் கணிப்பும் விற்பனைக் குழுவின் விருப்பப் பட்டியலும் தொடக்கப் புள்ளியாக உதவலாம். அவற்றை மட்டும் நம்பி ஒரு திட்டத்தைத் தொடங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. சாதனம் பயன்படும் இடத்தில், பயன்படும் நேரத்தில், பயன்படுத்துபவரின் கைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு மாற்று இல்லை. மருந்து செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்பை எடுத்துக்கொள்வோம். 2005 முதல் 2009 வரை இந்தப் பம்புகள் தொடர்பாக ஏறத்தாழ 56,000 பாதக நிகழ்வு அறிக்கைகள் எஃப்.டி.ஏ.வுக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் தெரியவந்த குறைகளில் ஒன்று, பொத்தானை ஒரு முறை அழுத்தினால் அது பல முறை அழுத்தப்பட்டதாகப் பதிவாவது. பத்து என்று அமைக்க நினைத்தவரின் திரையில் நூறு என்று நிற்கலாம். மேசையில் வைத்துச் சோதிக்கும் பொறியாளர் பொத்தானை நிதானமாக அழுத்திவிட்டுத் திரையைப் பார்ப்பார். இரவுப் பணியில் இருக்கும் செவிலியர், கையுறை அணிந்த விரலால் அழுத்திக்கொண்டே பக்கத்துப் படுக்கையில் ஒலிக்கும் அலாரத்துக்குத் திரும்பியிருப்பார். இந்த வேறுபாட்டை நேரில் கண்ட பொறியாளர் எழுதும் தேவை ஆவணமும் காணாதவர் எழுதும் ஆவணமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆகவே, மென்பொருள் எழுதுபவர் உட்பட, குழுவில் உள்ள ஒவ்வொருவரும் சாதனம் பயன்படும் இடத்தைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டு வருவதைத் தலைவர் கட்டாயமாக்க வேண்டும்.

மருத்துவ நிபுணர்களின் ஆலோசனை இன்றியமையாதது. ஆனால் ஒரே ஒரு புகழ்பெற்ற நிபுணரின் கைப்பழக்கத்துக்கு ஏற்பச் சாதனம் வடிவம் பெற்றுவிடும் அபாயம் உண்டு. கருவியை ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான முறை கையாளும் அறுவை மருத்துவரிடமும், எப்போதாவது கையாள்பவரிடமும், அதைச் சுத்தம் செய்து கிருமிநீக்கம் செய்யும் ஊழியரிடமும் பேச வேண்டும். மூன்றாமவரை மறந்த திட்டங்கள் பல.

வடிவமைப்புக் கட்டுப்பாடு எந்தக் கட்டத்தில் தொடங்க வேண்டும்?

'இது சாத்தியமா?' என்ற கேள்வி எஞ்சியிருக்கும் வரை அது ஆராய்ச்சி. 'இதைச் செய்யப்போகிறோம்' என்று நிறுவனம் முடிவெடுத்த நாளிலிருந்து அது மேம்பாடு. வடிவமைப்புக் கட்டுப்பாடு, அதாவது தேவைகளையும் சோதனைகளையும் மாற்றங்களையும் எழுதி முறைப்படி நிர்வகிப்பது, அன்றே தொடங்க வேண்டும். இந்த எல்லையைத் தேதியிட்டு எழுதிவைப்பது தலைவரின் கடமை. எல்லை மிக முன்னதாக விழுந்தால், இன்னும் பிடிபடாத ஒரு தொழில்நுட்பத்தை ஆவணங்களும் மாற்றக் கோரிக்கைகளும் நெருக்கும். மிகத் தாமதமாக விழுந்தால், ஏற்கெனவே செய்து முடித்த சாதனத்துக்குப் பொருத்தமாகத் தேவைகளைப் பின்னிருந்து எழுதும் வழக்கம் குழுவில் வேரூன்றிவிடும். இரண்டாவதே ஆபத்தானது. அப்படி எழுதப்பட்ட தேவைகளை அனுபவமுள்ள தணிக்கையாளர் எளிதில் அடையாளம் காண்பார். அவற்றில் உள்ள எண்கள் எல்லாம் சாதனத்தால் ஏற்கெனவே எட்டப்பட்டவையாகவே இருக்கும்.

வெரிஃபிகேஷனும் வேலிடேஷனும் எங்கே பிரிகின்றன?

வடிவமைப்பு உள்ளீட்டில், அதாவது முன்கூட்டியே எழுதிய தேவைகளில், உள்ளபடி சாதனம் அமைந்திருக்கிறதா என்பதை வெரிஃபிகேஷன் காட்டுகிறது. எழுதியதே சரியானதா, அதாவது உரிய பயனர் உரிய சூழலில் பயன்படுத்தும்போது சாதனம் அவருடைய தேவையை நிறைவேற்றுகிறதா என்பதை வேலிடேஷன் காட்டுகிறது. முதலாவதில் தேறிய சாதனம் இரண்டாவதில் தோற்கலாம். அலாரத்தின் ஒலி அளவு தரநிலைப்படி சரியாக இருந்தும், தீவிர சிகிச்சைப் பிரிவின் இரைச்சலில் அது எந்தக் கருவியின் அலாரம் என்று பிரித்தறிய முடியாமல் போவது இதற்கு எடுத்துக்காட்டு.

பயன்பாட்டு வேலிடேஷனில் ஒவ்வொரு பயனர் வகையிலிருந்தும் குறைந்தது 15 பேர் பங்கேற்க வேண்டும் என்பது எஃப்.டி.ஏ.வின் 2016 வழிகாட்டுதலில் உள்ள பரிந்துரை. அதைவிட முக்கியமானது, அந்தச் சோதனை கடைசி மாதத்தின் சடங்காக இல்லாமல், வடிவமைப்பை இன்னும் மாற்ற முடிகிற காலத்தில் ஐந்தாறு பேரை வைத்துச் சிறிய அளவில் முன்கூட்டியே பல முறை நடந்திருப்பது.

இடர் மேலாண்மையை வெறும் ஆவணப் பணியாக ஆகவிடாமல் காப்பது எப்படி?

இதற்குச் சற்று விரிவான விடை தேவை. மருத்துவச் சாதனங்களுக்கான இடர் மேலாண்மைத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 14971 இடரைக் குறைப்பதற்கு ஒரு முன்னுரிமை வரிசையைத் தருகிறது. முதலில், ஆபத்து எழாதபடி வடிவமைப்பிலேயே மாற்றம் செய்ய வேண்டும். அது இயலாதபோது பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சேர்க்க வேண்டும். எச்சரிக்கையும் பயிற்சியும் இவற்றுக்குப் பின்னரே வரும். நெருக்கடியில் உள்ள குழு இந்த வரிசையைத் தலைகீழாகப் புரட்டிவிடும். பயனர் கையேட்டில் ஒரு வரி சேர்ப்பது ஒரு பாகத்தை மாற்றுவதைவிட மலிவு. இடர் ஆவண அட்டவணையின் கடைசி நெடுவரிசையில் 'கையேட்டில் எச்சரிக்கப்பட்டுள்ளது' என்ற சொற்கள் எத்தனை வரிகளில் திரும்ப வருகின்றன என்று பார்த்தாலே திட்டத்தின் உடல்நலம் தெரிந்துவிடும்.

தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியின் வரலாற்றைத் துறையில் சேரும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகள் அந்தக் கருவியிலிருந்து அளவுக்கு மிக அதிகமான கதிர்வீச்சைப் பெற்றார்கள்; அவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். இயக்குபவர் எலெக்ட்ரான் என்று உள்ளிட வேண்டிய இடத்தில் எக்ஸ்-கதிர் என்று உள்ளிட்டுவிட்டு, உடனே மேலே சென்று திருத்துவார். கதிர்க்கற்றையை வளைக்கும் காந்தங்கள் தம் நிலைக்கு வர ஏறத்தாழ எட்டு விநாடிகள் ஆகும். அந்த எட்டு விநாடிக்குள் திருத்தம் முடிந்துவிட்டால், மென்பொருளின் ஒரு பகுதி திருத்தத்தை ஏற்றது, மற்றொரு பகுதி அறியவே இல்லை. திரையில் தெரிந்தது, பொருள் விளங்காத ஒரு பிழை எண் மட்டுமே. முந்தைய மாதிரியான தெராக்-20-இலும் இதே வகை மென்பொருள் பிழை இருந்தது என்று பின்னர் தெரியவந்தது. ஆனால் அதில் இருந்த வன்பொருள் தடுப்புகள் தீங்கு நேராமல் காத்திருந்தன. புதிய மாதிரியில் அந்தத் தடுப்புகளை நீக்கி, பாதுகாப்பை மென்பொருளிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

இங்கே தலைவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நாம் நீக்குகிற இந்தப் பாகம் இதுவரை எதைத் தடுத்துக்கொண்டிருந்தது? செலவைக் குறைக்கும் ஒவ்வொரு வடிவமைப்புக் கூட்டத்திலும் இந்தக் கேள்விக்கு எழுத்தில் விடை வாங்குவது நல்ல பழக்கம். பழைய மாதிரி பல ஆண்டுகள் விபத்தின்றி இயங்கியது என்பது, அதன் எந்தப் பகுதி அந்தப் பாதுகாப்பைத் தந்தது என்று தெரியாதவரை, புதிய மாதிரிக்குச் சான்றாகாது.

எவ்வளவு சோதித்தால் போதும்?

எதைக் காட்ட வேண்டும் என்பதை முதலில் எழுதினால் எண்ணிக்கை தானாக வரும். தேறியது, தேறவில்லை என்ற வகைச் சோதனையில் 59 மாதிரிகளைச் சோதித்து ஒன்றுகூடத் தோற்கவில்லை என்றால், குறைந்தது 95 விழுக்காடு அலகுகள் தேறும் என்பதை 95 விழுக்காடு நம்பிக்கையுடன் கூறலாம். 90 விழுக்காடு தேறினால் போதும் என்ற இடத்தில் 29 மாதிரிகள் போதும்; 99 விழுக்காடு வேண்டுமென்றால் 299 தேவைப்படும். எந்த எண்ணைத் தேர்வது என்பதை அந்தத் தோல்வி விளைவிக்கும் தீங்கின் கடுமை தீர்மானிக்க வேண்டும். கிடங்கில் எத்தனை மாதிரிகள் மிச்சமிருக்கின்றன என்பது அதைத் தீர்மானிக்கக் கூடாது.

நீடித்துழைப்பு இன்னும் கடினமான பகுதி. செயற்கை இதய வால்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி முறை திறந்து மூடுகிறது. இயந்திர வகை வால்வுகளுக்கு 40 கோடி சுழற்சிகள் வரை ஆய்வகத்தில் சோதிப்பது வழக்கமானது இதனால்தான். அது பத்து ஆண்டு இதயத் துடிப்புக்கு நிகர். அப்படியும் சிறிய மாற்றங்கள் ஏமாற்றக்கூடும். 1979-இல் சந்தைக்கு வந்த பியோர்க்-ஷைலி குவி-குழிவு வால்வு, ரத்த ஓட்டத்தை மேம்படுத்தும் நோக்கில் முந்தைய மாதிரியைத் திருத்தி உருவாக்கப்பட்டது. அதில், திறந்து மூடும் வட்டைத் தாங்கும் சிறு கம்பி, வளையத்தோடு பற்றவைக்கப்பட்ட இடத்தில் சிலருக்கு உடைந்தது. உடைந்தால் வட்டு இடம்பெயர்ந்துவிடும், நோயாளி உயிரிழக்கும் ஆபத்து மிக அதிகம். 1986-இல் அது விலக்கிக்கொள்ளப்படுவதற்குள் ஏறத்தாழ 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. உடைந்தவை அவற்றில் மிகச் சிறிய பங்கே. ஆனால் வால்வு நன்றாக இருப்பவரும் தன்னுடையது எந்த வகை என்று தெரியாமல் வாழ வேண்டியிருந்தது. அவர்களில் யாருக்கு மாற்று அறுவை செய்வது என்பதே மருத்துவர்களுக்குப் பெரும் கேள்வியாயிற்று. பொருத்திய சாதனத்தைத் திரும்பப் பெறுவது, அங்காடியிலிருந்து ஒரு பொருளைத் திரும்பப் பெறுவது போன்றதல்ல.

கிருமிநீக்கத்தையும் அடுக்கு ஆயுளையும் பற்றி ஒரு சொல். கிருமிநீக்கத்துக்குப் பயன்படும் காமா கதிர்வீச்சில் சாதாரண பாலிப்ரோப்பிலீன் சிதைந்து நொறுங்கும் தன்மை பெறுகிறது. அந்தச் சிதைவு கதிரூட்டிய பின்னும் மாதக்கணக்கில் தொடரும். ஆகவே கதிரூட்டிய மறுநாள் செய்த இழுவிசைச் சோதனையைக் கொண்டு நிறைவடையக் கூடாது. வெப்பநிலை பத்து டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் முதுமையடையும் வேகம் இரட்டிக்கும் என்ற கணக்கில் செய்யப்படும் துரித முதுமைச் சோதனை அனுமதி பெற உதவும்; உண்மைக் கால மாதிரிகளை அதே நாளில் அலமாரியில் வைக்கத் தொடங்காத குழு, பின்னால் அந்தக் காலத்தை எங்கிருந்தும் வாங்க முடியாது.

மென்பொருளும் செயற்கை நுண்ணறிவும் கொண்ட சாதனங்களில் தலைவர் எதைக் கவனிக்க வேண்டும்?

மருத்துவச் சாதன மென்பொருளுக்கான தரநிலையான ஐ.இ.சி. 62304 மென்பொருளை அதன் பிழை விளைவிக்கக்கூடிய தீங்கின்படி ஏ, பி, சி என்று பிரித்து, அதற்கேற்ற அளவு கட்டுப்பாட்டைக் கோருகிறது. வெளியிலிருந்து எடுத்துச் சேர்க்கும் மென்பொருள் தொகுப்புகளின் பட்டியல், அவற்றில் தெரிந்த பாதுகாப்பு ஓட்டைகள், அவற்றைச் சாதனத்தின் ஆயுள் முழுதும் யார் அடைப்பது என்பன வடிவமைப்பின் பகுதியாகவே இன்று கருதப்படுகின்றன. வலையமைப்பில் இணையும் சாதனங்களுக்கு இணையப் பாதுகாப்புத் திட்டத்தையும் மென்பொருள் பாகங்களின் பட்டியலையும் அமெரிக்கச் சட்டம் 2023 முதல் கேட்கிறது.

இயந்திரக் கற்றலில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது தரவு யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வி. இதற்கான பாடம் செயற்கை நுண்ணறிவுக்கு வெகு முன்பே கிடைத்திருக்கிறது. விரல் நுனியில் ஒளியைச் செலுத்தி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் அடிப்படை 1974-இல் ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ ஆவோயாகியால் வகுக்கப்பட்டது. எண்ணற்ற உயிர்களைக் காத்த கருவி அது. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, கருவி கண்டறியத் தவறிய ஆக்சிஜன் குறைபாடு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று காட்டியது. சராசரித் துல்லியம் நன்றாக இருந்ததால் அந்த வேறுபாடு மறைந்து கிடந்தது. தோலின் நிறம், வயது, உடல் பருமன், நோயின் கடுமை ஆகியவற்றின்படி முடிவுகளைப் பிரித்துக் காட்டாத எந்த அறிக்கையையும் தலைவர் ஏற்கக் கூடாது.

ஒழுங்குமுறைக் குழுவை எப்போது அழைப்பது?

தேவை ஆவணம் எழுதப்படும் முன்பே. 'நோயைக் கண்டறிய உதவும்' என்று எழுதுவதற்கும் 'நோயைக் கண்டறியும்' என்று எழுதுவதற்கும் இடையே சாதனத்தின் இடர் வகுப்பும், தேவைப்படும் மருத்துவச் சான்றும், ஆண்டுகளும் மாறிவிடலாம். அமெரிக்கா மூன்று வகுப்புகளையும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017/745 ஒழுங்குமுறை நான்கு வகுப்புகளையும், இந்தியாவின் 2017 விதிகள் ஏ முதல் டி வரையிலான நான்கையும் வைத்திருக்கின்றன. ஒரே சாதனம் இடத்துக்கு இடம் வெவ்வேறு சுமையைத் தாங்க நேரலாம். ஒழுங்குமுறை அதிகாரிகளிடம் முன்கூட்டியே கேட்பதற்கு முறையான வழிகள் உள்ள இடங்களில், கேட்காமல் ஊகிப்பது எந்த வகையிலும் நன்மை தராது.

வெளியீட்டுத் தேதியை நிர்வாகக் குழு கேட்டால் என்ன சொல்வது?

ஒற்றைத் தேதியைத் தருவதைவிட, எந்தச் சான்று எப்போது கிடைக்கும், அது பாதகமாக வந்தால் எத்தனை மாதம் பின்னகரும் என்பதைத் தருவது நேர்மையானது. நிர்வாகக் குழுவினர் நிச்சயமின்மையைப் புரிந்துகொள்ளக்கூடியவர்களே. ஒவ்வொரு கூட்டத்திலும் தேதி ஒரு காலாண்டு நகர்வதைத்தான் அவர்களால் ஏற்க முடிவதில்லை. மிகக் கடினமான தொழில்நுட்பக் கேள்வியைத் திட்டத்தின் முதல் பகுதியிலேயே எடுத்துக்கொண்டால் இந்த நகர்வு பெருமளவு குறையும். உறையின் நிறத்தையும் திரையின் அழகையும் முதலில் முடித்து, உணரியின் நீண்டகால நிலைப்புத்தன்மையைக் கடைசிக்கு வைக்கும் குழு, முன்னேறுவது போலத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

ஒரு திட்டத்தை எப்போது நிறுத்த வேண்டும்?

நிறுத்துவதற்கான நிபந்தனைகளைத் திட்டம் தொடங்கும் நாளில், யாருக்கும் அதன்மேல் பற்று ஏற்படுவதற்கு முன்பே, எழுதி வைத்திருந்தால் முடிவு எளிதாகும். நிறுத்திய பின், அக்குழுவினரின் அடுத்த பணி என்ன என்பதைத் தலைவர் அதே வாரத்தில் சொல்லிவிட வேண்டும். நிறுத்தப்பட்ட திட்டத்தில் இருந்தவர்களின் பணி மதிப்பீடு குறைவதை மற்றவர்கள் கண்டால், அடுத்து எந்தக் குழுவும் கெட்ட செய்தியை உரிய காலத்தில் கொண்டுவராது.

எப்படிப்பட்டவர்களைக் குழுவில் சேர்க்க வேண்டும்?

திறமை அடிப்படைத் தகுதி. அதற்கு மேல் நான் தேடுவது, தன் சொந்த வடிவமைப்பு எப்படித் தோற்கும் என்று மூன்று வழிகளைத் தயங்காமல் சொல்லக்கூடியவரை. தரத் துறையினரையும் உற்பத்தித் துறையினரையும் வடிவமைப்பு மறுஆய்வுக்குக் கையெழுத்திட மட்டும் அழைக்காமல், ஆட்சேபம் எழுப்ப அழைக்க வேண்டும். மறுஆய்வில், ஆய்வுக்கு உள்ளாகும் வடிவமைப்புக் கட்டத்துக்கு நேரடிப் பொறுப்பில்லாத ஒருவர் இருக்க வேண்டும் என்ற பழைய விதியின் பயன் அங்கே இளைய பொறியாளர் ஒருவர் மூத்தவரின் கணக்கைக் கேள்வி கேட்கும்போது விளங்கும். அந்தக் கேள்விக்குத் தலைவர் காட்டும் முகபாவம் பல மாதங்களுக்குக் குழுவின் நடத்தையைத் தீர்மானித்துவிடும்.

சாதனம் சந்தைக்குச் சென்றபின் ஆராய்ச்சி, மேம்பாட்டுத் துறைக்கு என்ன வேலை?

புகார்களைப் படிப்பது. சுருக்க வரைபடங்களைப் பார்த்தால் போதாது; பயனர் எழுதிய சொற்களையே வடிவமைத்தவர்கள் படிக்க வேண்டும். 'பயனர் பிழை' என்று முடித்துவைக்கப்பட்ட புகார்களைத் தனியே எடுத்து, ஒரே பிழையை எத்தனை பயனர்கள் செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. பலர் ஒரே இடத்தில் தவறினால், பிழை அந்த இடத்தின் வடிவமைப்பில் இருக்கக்கூடும். திரும்பி வந்த சாதனத்தைக் கழுவித் துடைத்து வைப்பதற்கு முன், உரிய தொற்றுப் பாதுகாப்புடன், வந்த நிலையிலேயே படம் எடுத்துப் பதிவு செய்ய வேண்டும்; ஒட்டியிருக்கும் படிமமும் கீறலின் திசையும் ஆய்வக அறிக்கை தராத செய்திகளைத் தரும். அங்கிருந்து கிடைக்கும் ஒவ்வொரு புதிய தீங்கு வழியும் இடர் ஆவணத்துக்குள் திரும்ப வர வேண்டும். அடுத்த தலைமுறைச் சாதனத்தின் முதல் கூட்டம் அந்த ஆவணத்தைத் திறந்துவைத்துக்கொண்டு நடக்க வேண்டும்.